இரண்டு மணிக்கு எஞ்சின் நிறுத்தும் ஊர்

மார்ச் 3, திங்கள்

மலர் மச்சாள், இவ்வளவு பிந்தி எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். இங்கே இரவு பதினொன்றரை. உங்களுக்கு அங்கே ஸ்காபரோவில் பட்டப்பகலாக இருக்கும். எனக்கு இப்போதுதான் கை காலியானது. யதுவுக்குக் காய்ச்சலோ என்று மூன்று தரம் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். இல்லை. நாலாம் தரம் தெர்மோமீட்டர் வைத்தேன். அப்போதும் இல்லை. காய்ச்சல் இல்லாத பிள்ளைக்கு ஏன் காய்ச்சல் இல்லை என்று கவலைப்படுகிறவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

நீங்கள் போனில் சொன்னது சரிதான். "கேட்டால் எல்லாரும் 'ஓம், எல்லாம் நல்லம்' எண்டுதான் சொல்லுவீங்கள். பத்து நாளைக்கு நடக்கிறதை நடந்தபடி எழுதி அனுப்பு துஷி. வாசிச்சுப்போட்டுக் காணியைப் பற்றி முடிவெடுக்கிறன்." அதனால் இந்தக் கொப்பி. பத்தாம் நாள் பக்கங்களைப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்புவேன். உங்கள் தம்பிக்கு, அதுதான் என் மனுசனுக்கு, இது தெரியாது. தெரிந்தால், அக்காவின் சீதனக் காணியில் நாங்கள் மூக்கை நுழைக்கக்கூடாது என்று ஒரு மணித்தியாலம் பேசுவார்.

உங்கள் காணி அப்படியே இருக்கிறது. முன்னால் களப்பின் உப்புத் தண்ணீர், இடது பக்கம் அதற்குள் வேர்விட்டு நிற்கும் கண்டல் மரங்கள், நடுவில் எங்கள் சின்ன இறங்குதுறை. பறவை பார்க்க வரும் பயணிகளை அங்கிருந்துதான் வள்ளத்தில் ஏற்றுகிறோம். காணியை விலைக்குக் கேட்கும் கொழும்பு ஹோட்டல்காரர் போன கிழமையும் வந்து நாடா பிடித்து அளந்துவிட்டுப் போனார்கள். கண்டலை வெட்டிவிட்டு அங்கே ஜெட் ஸ்கீ நிறுத்தப் போகிறார்களாம்.

இன்றைய செய்தி: கடிதம் வந்திருக்கிறது. இயற்கையைக் கெடுக்காமல் சுற்றுலா நடத்துகிறவர்களுக்கு அங்கீகாரம் கொடுக்கும் அமைப்பிலிருந்து 12ஆம் திகதி ஒரு பெண் வந்து எங்களைப் பார்வையிடுவாராம். அது கிடைத்தால் வெளிநாட்டுப் பயண முகவர்கள் நேரடியாகவே ஆட்களை அனுப்புவார்கள். கிடைக்காவிட்டால் இந்த வருஷத்தோடு நாங்கள் வள்ளத்தைக் கரையில் கவிழ்க்க வேண்டியதுதான்.

யது மத்தியானம் நன்றாகத் தூங்கினாள்.


மார்ச் 4, செவ்வாய்

ஜெர்மன்காரர் இரண்டு பேர் வந்தார்கள். இராக்கொக்குகளைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டார்கள். பகல் முழுக்கக் கண்டலில் தூங்கி, இருட்டினால் இரை தேடப் போகிற பறவை அது. அதில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. சாம்பல் நிறம், சிவப்புக் கண், உச்சந்தலையில் பின்னுக்கு நீட்டியபடி இரண்டு வெள்ளை இறகு. ஆண் குச்சி கொண்டுவரும், பெண் அதைப் பிடுங்கி வேறு இடத்தில் செருகும். எங்கள் வீட்டில் நடப்பதுதான். எனக்கு இந்தப் பறவைகள் மேல் அப்படி ஒன்றும் பற்றுதல் இல்லை.

யது தூங்கினாள். கொஞ்ச நேரம்.


மார்ச் 5, புதன்

மச்சாள், நேற்றும் முந்தநாளும் எழுதியது பொய்.

யது மத்தியானத்தில் கண் மூடிப் பதினாறு நாள் ஆகிறது. தூளியில் போட்டால் எழும்பி நின்று ஆடுகிறாள். பக்கத்தில் படுத்தால் என் கண் இமையை விரலால் திறந்து "அம்மா, உள்ள நிக்கிறியா?" என்று கேட்கிறாள். இரண்டேகால் வயசு. இந்த வயசில் சில பிள்ளைகள் பகல் நித்திரையை விட்டுவிடும் என்று கிளினிக்கில் மிட்வைஃப் சாதாரணமாகச் சொன்னா. அவவுக்கு இது சாதாரணம். எனக்கு இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

உங்கள் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். கரையில் ஒரு வீட்டில் பிள்ளை பிறந்தால், அந்த வீட்டைத் தாண்டும் வள்ளங்கள் எஞ்சினை நிறுத்திவிட்டுக் கோல் ஊன்றிப் போகும். முப்பத்தோராம் நாள் பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழிந்தால் அந்தச் சலுகையும் முடிந்துவிடும். யது பிறந்தபோது அப்படித்தான் தொடங்கினார்கள். ஆனால் யதுவின் தொண்டையை நீங்கள் போனில் கேட்டிருக்கிறீர்கள். முப்பத்திரண்டாம் நாள் மத்தியானம், மீன்பிடிக்கிற அந்தோனி அண்ணை எஞ்சினோடு போனார். அவள் எழும்பினாள். அவள் போட்ட சத்தத்தில், நடுக்களப்பில் நின்ற ஆட்கள் யாரோ தண்ணீரில் விழுந்துவிட்டார்கள் என்று வலையை விட்டுவிட்டு ஓடி வந்தார்கள். அன்று பின்னேரமே அந்தோனி அண்ணை மீனவர் சங்கத்தில் சொல்லிவிட்டார்: "அந்தப் பிள்ளை இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரைக்கும் படுக்கும். அதுவரைக்கும் ஒருத்தனும் அந்தப் பக்கம் எஞ்சின் போடக்கூடாது."

அது இரண்டு வருஷமாக நடக்கிறது. அந்த அமைதியில்தான் இராக்கொக்குகள் வந்து கூடு கட்டின. முதல் வருஷம் நாலு கூடு. பிறகு தாடி வைத்த ஒரு ஒல்லாந்துக்காரர் வந்து, மீனவர்கள் எஞ்சினை நிறுத்துவதைப் பார்த்து, பறவைகளுக்காகவா என்று உங்கள் தம்பியிடம் ஆங்கிலத்தில் கேட்டார். உங்கள் தம்பி ஆங்கிலத்தில் என்ன கேட்டாலும் "யெஸ்" என்பார். அந்த மனிதர் இன்டர்நெட்டில் நீளமாக எழுதிவிட்டார்: பறவையின் தூக்கத்தை மதிக்கும் கிராமம் என்று. அதை வாசித்துத்தான் பயணிகள் வருகிறார்கள். அதை வாசித்துத்தான் 12ஆம் திகதி அந்தப் பெண்ணும் வருகிறா.

இப்போது விளங்குகிறதா? பிள்ளை தூங்குகிறாள் என்பதற்காக எஞ்சின் நிற்கிறது. எஞ்சின் நிற்பதால் பறவை நிற்கிறது. பிள்ளை தூங்குவதில்லை என்று ஊருக்குத் தெரிந்தால் அடுத்த நாளே கிர்ர் என்று எல்லா வள்ளமும் வரும். யாரையும் குறை சொல்ல முடியாது. கோல் ஊன்றிக் கை வலித்தால் அவர்களுக்குத்தானே வலிக்கும்.

அதனால் ஒவ்வொரு நாளும் ஒன்றே முக்காலுக்கு யதுவை ஸ்கூட்டியில் பின்னால் பெல்ட் போட்டுக் கட்டி, சால்வையால் மூடி, மூன்று மைல் தள்ளி பெரிய றோட்டுக்குக் கொண்டுபோய்விடுகிறேன். அங்கே எவ்வளவு கத்தினாலும் பரவாயில்லை. ஐந்து மணிக்குத் திரும்பி வருகிறேன்.

போகும்போது அந்தோனி அண்ணை கரையில் நிற்பார். "என்ன தங்கச்சி, பிள்ளை படுத்திட்டுதோ?"

"ஓம் அண்ணை, இப்பதான். மாமி பாக்கிறா. நான் கடைக்குப் போறன்."

எந்த மாமி என்று அவர் கேட்டதில்லை. உங்கள் அம்மா தவறி ஐந்து வருஷம்.


மார்ச் 6, வியாழன்

பஸ் தரிப்பிடத்துக் கடையில் இன்று யது மூன்று பிஸ்கற், ஒரு பனங்கட்டித் துண்டு, இன்னொருவருடைய பாணில் பாதி தின்றாள். வயிற்றுக்கு ஏதும் ஆகுமோ என்று பயமாக இருக்கிறது. கடைக்கார சிவகுரு ஐயா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"பிள்ளை, ஒவ்வொரு நாளும் வந்து இதில குந்திக்கொண்டு இருக்கிறாய். யாழ்ப்பாணத்து பஸ் ரெண்டரைக்கு வருது, போகுது. நீ ஏறுறதும் இல்லை, வீட்ட போறதும் இல்லை. ஏதும் பிரச்சினையோ?"

"ஒரு பிரச்சினையும் இல்லை ஐயா. காத்து வாங்க வந்தனான்."

றோட்டுப் புழுதியில் காற்று வாங்குகிறவளை அவர் நம்பவில்லை. பஸ் எத்தனை மணிக்கு யாழ்ப்பாணம் போய்ச் சேரும் என்று நானும் கேட்டேன். சும்மா, பேச்சுக்கு. யாழ்ப்பாணத்தில் நான் படித்த பள்ளிக்கூடத்திலிருந்து ஆசிரியர் வேலைக்கு வரச்சொல்லி ஒரு கடிதம் அலுமாரிக்குள் கிடக்கிறது. அதுவும் சும்மாதான் கிடக்கிறது.


மார்ச் 8, சனி

நேற்று எழுத முடியவில்லை. இன்று நடந்ததைக் கேளுங்கள்.

மூன்று மணிக்கு நான் தரிப்பிடத்தில் இருக்கிறேன். யது ஒரு ஆட்டோடு கதைத்துக்கொண்டிருக்கிறாள். உங்கள் தம்பி சைக்கிளில் வியர்த்து விறுவிறுத்து வந்து இறங்கினார். பயணிகளை நடுக்களப்பில் விட்டுவிட்டு வந்தாரோ என்று பதறிப்போனேன்.

"இஞ்சாரும், நீர் போறதெண்டால் போம். ஆனால் எனக்குச் சொல்லிப்போட்டுப் போம்."

"எங்க போறது?"

"யாழ்ப்பாணம். ஊர் முழுக்கத் தெரியும். மூண்டு கிழமையா நீர் பஸ்சுக்கு வந்து நிக்கிறீராம், கடைசி நிமிசத்தில மனசு மாறித் திரும்பி வாறீராம். சிவகுரு ஐயா எனக்கு அறிவுரை சொல்லுறார், மனுசியோட அன்பாக் கதைக்கச் சொல்லி!"

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அவருடைய முகத்தைப் பார்த்த பிறகு சிரிப்பு போய்விட்டது. உள்ளதைச் சொன்னேன். யது படுக்கிறதில்லை என்று. அவர் தரிப்பிடத்துச் சீமெந்துத் திண்ணையில் அப்படியே இருந்துவிட்டார்.

"அப்ப நீர் என்னை விட்டிட்டுப் போகேல்லை?"

"இல்லை."

"கொக்குக்காகவோ இவ்வளவும்?"

"கொக்குக்காக ஆர் செய்வினம்! அங்கீகாரத்துக்காக."

ஐந்தாகும்வரை அவரும் அங்கேயே எங்களோடு இருந்தார். யதுவைத் தூக்கிச் சைக்கிள் பாரில் வைத்துக்கொண்டு, என்னோடு கூடவே மெதுவாக உழக்கி வந்தார். பாதி வழியில் கேட்டார்: "உண்மையாகவே பஸ் நேரம் கேட்டனீரோ?"

"சும்மா கேட்டனான்."

காணியைப் பற்றி அக்காவிடம் கதைப்போமா என்று கேட்டுப் பார்த்தேன். "அப்பா அக்காவுக்குக் குடுத்தது. விக்கிறதும் வைக்கிறதும் அக்காவின்ர விருப்பம். நான் வாய் திறக்கமாட்டன், நீரும் திறக்கக்கூடாது." நான் வாய் திறக்கவில்லை, மச்சாள். எழுதத்தான் செய்கிறேன்.


மார்ச் 9, ஞாயிறு

காற்று பலம். இரண்டு கூடு விழுந்துவிட்டது. சாப்பிட மனம் வரவில்லை. வெயிலாக இருக்கும்.


மார்ச் 10, திங்கள்

ஒத்திகை. வளவில் கிடந்த பிளாஸ்டிக் போத்தல் எல்லாம் பொறுக்கினோம். நான் பொறுக்கிப் பையில் போட, யது பையிலிருந்து எடுத்துப் பழைய இடத்தில் சரியாக வைத்துக்கொண்டே வந்தாள். உங்கள் தம்பி சமையலுக்குத் திட்டம் போடுகிறார். தாமரை இலையில் குத்தரிசிச் சோறு, பாரை மீன் குழம்பு, முருங்கைக்கீரைச் சுண்டல். "மிஸ் சாப்பாட்டில விழுந்திடுவா" என்கிறார். 12ஆம் திகதி நான் யதுவோடு பஸ் தரிப்பிடத்தில் இருப்பது, அவர் தனியாக வள்ளம் கொண்டுபோவது. அதுதான் ஏற்பாடு.


மார்ச் 11, செவ்வாய்

யது மத்தியானம் தூங்கினாள்! ஆறு நிமிஷம். மூச்சு வருகிறதா என்று நான் மூக்கில் விரல் வைத்துப் பார்த்ததில் எழும்பிவிட்டாள்.


மார்ச் 12, புதன்

 ஒழுங்காக எழுத முயற்சிக்கிறேன்.

வந்தவ பெயர் ரிஸ்மியா. ஊர் கிண்ணியாப் பக்கம். என் வயசுதான் இருக்கும். தோளில் கமரா, கையில் தடித்த பைல், காலில் சேற்றுக்கு ஏற்ற றப்பர்ச் செருப்பு. செருப்பைப் பார்த்ததுமே எனக்குப் பயம் வந்துவிட்டது. விஷயம் தெரிந்த ஆள்.

உங்கள் தம்பி தாமரை இலையை விரித்து, பெருமையோடு மூடியைத் திறந்தார். மீன் வாசம் வளவு முழுக்கப் பரவியது.

"மன்னிக்கணும் அண்ணன். நோன்பு."

உங்கள் தம்பியின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நாட்காட்டியில் நோன்பு மாதம் என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறது, இரண்டு பேரும் பார்க்கவில்லை. "ஐயோ மிஸ், நான் இதை யோசிக்கேல்லையே" என்று இலையைக் கையால் மறைக்கிறார். "மறைக்க வேணாம், கட்டித் தாங்க. நோன்பு திறந்து சாப்பிடுறேன்" என்று சிரித்தா. அப்போதே எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

நான் யதுவை ஸ்கூட்டியில் ஏற்றப் போனேன். "நீங்க எங்க போறீங்க? பயணம் நடத்துறது நீங்க ரெண்டு பேரும்தானே. பிள்ளையையும் கூட்டி வாங்க" என்றுவிட்டா. உங்கள் தம்பி என்னைப் பார்த்தார். நான் பிஸ்கற் பக்கெட்டைப் பார்த்தேன்.

ஒரு பிஸ்கற் ஏழு நிமிஷம் தாங்கும். ஐந்து பிஸ்கற்றோடு கண்டலுக்குள் போனோம். நிழலில், தண்ணீர் அசையாமல், கிளைக்குக் கிளை கொக்கு. ரிஸ்மியா தொலைநோக்கியைக் கண்ணிலிருந்து எடுக்கவே இல்லை. சரியாக இரண்டு மணிக்கு அந்தோனி அண்ணையின் வள்ளம் முகத்துவாரப் பக்கமிருந்து வந்தது. எஞ்சின் நின்றது. கோலை எடுத்தார். எனக்குள்ளே நன்றி என்று சொல்லி முடிக்கவில்லை, யது எழும்பி நின்று முழுத் தொண்டையில் கத்தினாள்:

"அந்தோனி மாமா! நான் படுக்கேல்லை!"

பத்துப் பதினைந்து கொக்கு கிளம்பி ஒரு வட்டம் போட்டு மறுபடி இருந்தன. எனக்கு வள்ளத்தின் அடிப்பலகைக்குள் போய்விடலாம் போலிருந்தது.

ரிஸ்மியா தொலைநோக்கியை இறக்கினா. "வர்ற வழியில ஒருத்தர் சொன்னாரு, ஒரு பிள்ளை தூங்குறதுக்காகத்தான் இந்த ஊர்ல எஞ்சின நிப்பாட்டுறாங்கன்னு. நான் பகிடின்னு நினைச்சேன். இந்தப் பிள்ளையா?"

உங்கள் தம்பி "யெஸ்" என்றார்.

பிறகு நான்தான் பேசினேன். "ஓம் மிஸ். பறவைக்காக இல்லை. ஒல்லாந்துக்காரர் தானாக நினைச்சு எழுதினது. இவள் படுத்து இருபத்திமூண்டு நாள். நான் ஊரை ஏமாத்திக்கொண்டு இருக்கிறன். அந்தோனி அண்ணை, நீங்களும் என்னை மன்னிக்கவேணும்." சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

அந்தோனி அண்ணை வள்ளத்தை எங்கள் வள்ளத்தோடு ஒட்டிக்கொண்டு வந்தார். "எனக்கும் இருபத்திமூண்டு நாளாத் தெரியும், தங்கச்சி."

"எப்பிடி?"

"நீ நேர பாத்துக்கொண்டு ஸ்கூட்டி ஓடுவாய். உன்ர மகள் பின்னால இருந்து சால்வையை விலக்கி எனக்கு டாட்டா காட்டிக்கொண்டு போவாள். ஒவ்வொரு நாளும்."

"அப்ப ஏன் அண்ணை எஞ்சினை நிப்பாட்டினனீங்கள்?"

அவர் சுற்றும் முற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "இரண்டு வருஷமா இந்தப் பக்கம் சத்தம் இல்லை. மணலை மீன் குஞ்சும் இறாலும் எல்லாம் இந்தக் கண்டல் வேருக்குள்ள வந்து வளருது. வளந்து வெளியில வந்தோடன என்ர வலைக்குள்ள. மீனுக்காக எண்டு சொன்னால் அம்பது வலை வந்து நிக்கும். பிள்ளை படுக்குது எண்டு சொன்னால் ஒருத்தனும் கிட்ட வரமாட்டாங்கள். அதுதான் நானும் சங்கத்தில சொல்லிக்கொண்டு வாறன், அந்தப் பிள்ளை இன்னும் நல்லாப் படுக்குது, ஒரு நாலு வயசு வரைக்கும் படுக்கும் எண்டு."

 யது நாலாவது பிஸ்கற் கேட்டாள்.

ரிஸ்மியா பைலைத் திறந்தா. "அமைதி நேரத்துக்கான காரணம்னு ஒரு கேள்வி இருக்கு. சட்டமா, ஆராய்ச்சியா, ஊர்த் தீர்மானமா? மூணு பெட்டிதான்." பேனையை மூன்றுக்கும் மேலே கொண்டுபோய்க் கொண்டுவந்தா. பிறகு பக்கத்தில் வெறும் இடத்தில் நாலாவதாகத் தானே ஒரு பெட்டி கீறி, அதற்குள் ஏதோ எழுதினா. காட்டவில்லை. "எனக்கும் மூணு வயசுல மகன் இருக்கான். அவன் பகல்ல படுத்து ஒரு வருஷமாச்சு. நீங்க இருபத்திமூணு நாளுக்கு அழுறீங்க" என்று மட்டும் சொன்னா. பிறகு குரல் மாறியது. "காரணம் எதுவா இருந்தாலும் கூடு இருக்கா இல்லையாங்கிறதுதான் எனக்கு முக்கியம். எத்தனை கூடு?"

"நாற்பத்தேழு" என்றேன். "ஞாயிற்றுக்கிழமை காத்துக்கு இரண்டு விழுந்தது, அதைக் கழிச்சுத்தான். முட்டையோட இருபத்தொன்பது. அந்த வளைஞ்ச மரத்தில இருக்கிறது போன வருஷச் சோடி. அந்தப் பெண்ணுக்கு இடது கால் கொஞ்சம் நொண்டும். அதுக்குப் பக்கத்தில இருக்கிற கூட்டைக் காகம் குறிவைக்குது, அதனால அந்தப் பக்கம் வள்ளம் விடுறதில்லை."

நிமிர்ந்தால் உங்கள் தம்பி கோலைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு முகம் சுட்டது.

எல்லாம் நன்றாகத்தான் போனது. கடைசிக் கேள்வி வரும்வரை.

"இறங்குதுறைக் காணி யாருட பேர்ல?"

"அக்காவின்ர" என்றார் உங்கள் தம்பி. "கனடாவில இருக்கிறா."

"அஞ்சு வருஷத்துக்கு இந்தக் காணியும் கண்டலும் இப்படியே இருக்கும்னு அவங்க எழுத்துல தரணும். இருபதாம் திகதிக்குள்ள வந்தா நான் சிபாரிசு பண்ணுவேன். வராட்டி பைலை மூடுறதைத் தவிர வேற வழியில்ல."

உங்கள் தம்பி தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அக்காட்ட நான் கேக்கமாட்டன் மிஸ்."


மார்ச் 13, வியாழன்

இன்று பயணிகள் இல்லை. மத்தியானம் யதுவை அவளுடைய அப்பாவிடம் விட்டுவிட்டு நான் தனியாகக் கோல் ஊன்றிப் போனேன். வளைந்த மரத்துக் கூட்டில் குஞ்சு பொரித்திருக்கிறது, மச்சாள். மூன்று. சொல்லிக்கொள்ளும்படி அழகு ஒன்றும் இல்லை. ஈரப் பஞ்சில் அலகு செருகியதுபோல இருந்தன. நான் ஒரு மணித்தியாலம் அங்கேயே நின்றேன். அந்த ஒரு மணித்தியாலமும் யதுவுக்குக் காய்ச்சலோ என்று ஒரு தரமும் நினைக்கவில்லை. அது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

இந்தக் கொப்பியை உங்கள் தம்பியிடம் காட்டிவிட்டேன். கோபிப்பார் என்று நினைத்தேன். முதலிலிருந்து கடைசிவரை வாசித்தார். "உந்தக் கடைசிப் பக்கத்தையும் எழுதி முடிச்சுப்போடும்" என்று சொல்லி, யதுவைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார். அவர் கேட்கமாட்டார். தம்பி அக்காவின் சீதனத்தைக் கேட்கக்கூடாது என்பது அவருடைய கணக்கு. நான் மருமகளாக வந்தவள். எனக்கு அந்தக் கணக்கு இல்லை, அதனால் நான் கேட்கிறேன்.

காணியை விற்காதீர்கள் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. உங்களுக்கு அங்கே என்ன தேவை என்று எனக்குத் தெரியாது. நீங்கள் சொன்னதும் இல்லை, நாங்கள் கேட்டதும் இல்லை. விற்பது என்றால் விற்றுவிடுங்கள். ஒரு நாளும் அதைப் பற்றி முகம் கோணமாட்டேன். ஆனால் நடந்ததை நடந்தபடி எழுதச் சொன்னீர்கள். பத்து நாளும் இந்தப் பக்கங்களில் ஒன்றை மட்டும் சுற்றிச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தேன். அதையும் எழுதிவிடுகிறேன்: எனக்கு இந்த இடம் வேண்டும், மச்சாள். அங்கீகாரத்துக்காக இல்லை.

இப்போது மணி பன்னிரண்டு. பக்கங்களைப் படம் எடுத்து அனுப்புகிறேன். எழுத்து விளங்காவிட்டால் கேளுங்கள்.

கடிதம் தருவீர்களோ, இல்லையோ, எதுவானாலும் இருபதாம் திகதிக்கு முதல் ஒரு வரி பதில் போடுங்கோ. தயவுசெய்து கெதியாப் போடுங்கோ.

துஷி